தாத்தாவை எதற்காக எழுதி வைத்தார்கள்?

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு ஒரே பேச்சு. 2002-இலோ 2005-இலோ வந்த பழைய பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் அப்பா அம்மா பெயராவது, தாத்தா பாட்டி பெயராவது இருக்கிறதா? வீட்டுக்கு வந்த படிவம் அதைத்தான் கேட்டது. பிள்ளைகள் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிப் பார்க்க, பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டோம் என்று ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். பல்லாவரத்துக்காரர்களுக்குக் கூடுதல் சிக்கல். 2008 மறுவரையறைக்கு முன்னால் பல்லாவரம் என்றொரு சட்டமன்றத் தொகுதியே கிடையாது, சோழிங்கநல்லூரும் அப்படித்தான். அவர்கள் தாம்பரம், ஆலந்தூர் பட்டியல்களில் தங்கள் தெருவைத் தேடினார்கள்.

எங்கள் சேலையூர் வீட்டிலும் தேடினோம். அப்பாவின் பெயர் அகப்பட்டது. அதே வரியில் தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது, கதவு எண் பழையது, வயது மூன்று குறைவு. ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்பா இறந்து பதினைந்து வருடம் ஆகிறது.

அன்றைக்குத் தொடங்கிய கேள்வி இது. தாம்பரத்திலும் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரிலும் இருக்கும் ஒரு குடும்பம், தன் முன்னோரைத் தேட எந்த ஆவணங்களை நம்பலாம்? பல வருடம் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியதில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தை நினைவில் வைப்பதற்காக நம் ஊரில் எந்த அரசாங்கமும் ஒரு காகிதம்கூட எழுதியதில்லை. வரி வாங்க எழுதினார்கள். வழக்குத் தீர்க்க எழுதினார்கள். கூலிக்கு ஆள் அனுப்ப, சம்பளம் கொடுக்க, ஓட்டுப் போட வைக்க எழுதினார்கள். ஆகவே தாத்தாவின் பெயர் எங்கே இருக்கும் என்று தேடுவதைவிட, அவரை எதற்காக யார் எழுதியிருப்பார்கள் என்று யோசிப்பதுதான் வழி. நிலம் வைத்திருந்தவர் ஒரு ஏட்டில் இருப்பார். நிலமில்லாதவர் வேறொன்றில் இருப்பார். பெண்கள் மூன்றாவதில், அதுவும் பெரும்பாலும் பெயரில்லாமல்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் நூறு வருடம், அமெரிக்காவில் 72 வருடம் கழித்துக் கணக்கெடுப்பின் வீட்டு விவரங்களைத் திறந்து விடுகிறார்கள். அங்கே குடும்ப வரலாறு எழுதுபவர்களுக்கு அதுதான் முதல் படி. இந்தியாவில் 1948-ஆம் வருடச் சட்டப்படி தனிநபர் விவரங்களை யாரும் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது மொத்த எண்ணிக்கை மட்டுமே. அந்தக் கதவை மறந்துவிட வேண்டியதுதான்.

வீட்டுப் பரண்

முதல் ஆவணக் காப்பகம் வீட்டுப் பரணில் இருக்கும் ட்ரங்க் பெட்டி. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்; ஆனால் திறந்து பார்க்கும்போது பத்திரத்தையும் பட்டாவையும் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்த மீதியில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கிடைத்தது நாற்பது பக்க நோட்டு, அட்டையில் மஞ்சள் தடவியது, நடுவில் தைத்த நூல் இற்றுப்போனது. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஊர், பிறகு பெயர், பிறகு தொகை. மதுராந்தகம், உத்திரமேரூர், அச்சிறுபாக்கம், கருங்குழி என்று ஊர்கள் வருகின்றன. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். ஓரிடத்தில் மட்டும் ஐம்பத்தொன்று. அந்த ஐம்பத்தொன்று யாரென்று அத்தையைக் கேட்டபோது, அது தாய்மாமன் வீட்டு மொய் என்றார். அரசாங்க ஏடு எதிலும் இல்லாத ஓர் உறவு அங்கே தொகையாகப் பதிவாகியிருந்தது. திருப்பிச் செய்ய வேண்டுமே என்பதற்காக எழுதியது. அதனாலேயே ஒரு சொந்தக்காரர்கூட விடுபடவில்லை.

கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அதே மாதிரி. மணமக்களின் தாத்தா பாட்டி பெயர், பூர்வீக ஊர், யார் யார் பங்காளி என்ற வரிசை எல்லாம் அச்சிலேயே இருக்கும். ஜாதகத்தில் பிறந்த வருடம் தமிழ் வருடமாக இருக்கும். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால், ராட்சச வருடம் என்றால் 1915-16 ஆகவும் இருக்கலாம், 1975-76 ஆகவும் இருக்கலாம். ஆளின் வயதை வைத்து முடிவு செய்துகொள்ள வேண்டும். வருவாய்க் கணக்குகளில் பசலி வரும். பசலியுடன் 590 சேர்த்தால் ஆங்கில வருடம், ஜூலையில் தொடங்கும். 1318-ஆம் பசலி என்றால் 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. இந்த இரண்டு கணக்கும் தெரியாமல் தேடப் போனால் பாதி ஏடுகள் வாயைத் திறக்காது.

பெட்டியில் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தால் அதிர்ஷ்டம். 1911-இல் சென்னை மாகாணத்தில் அந்தத் தேர்வு வந்தது. தகப்பனார் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று பள்ளியில் சேர்த்த காலம். ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்கும் ஜூன் மாதப் பிறந்த நாள் இருந்தால், அது வாத்தியார் போட்ட தேதி.

கடைசியாக, காகிதமே இல்லாத ஒரு கேள்வி: உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது? தாம்பரத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள்கூட ஆடியிலோ மாசியிலோ ஒரு கிராமத்துக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தக் கோயில் வாசலில் அன்றைக்குக் கூடியிருப்பவர்கள் பங்காளிகள். தேட வேண்டிய வருவாய்க் கிராமம் எது, எந்தத் தாலுகா என்பது அங்கேதான் நிச்சயமாகத் தெரியும்.

தலைப்பிரசவத்தின் ஊர்

பிறப்புப் பதிவுக்கு வருவோம். 1886-இலும் 1899-இலும் சட்டங்கள் வந்து, பிறகு 1969-ஆம் வருடச் சட்டம் பிறப்பு இறப்புப் பதிவை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. கிராமங்களில் அதற்கு முன் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும்தான் எழுதினார்கள். அந்தக் கிராமப் பதிவுகள் பல, சார்பதிவாளர் அலுவலகங்களுக்கும் தாலுகா அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. நகராட்சி எல்லைக்குள் பிறந்தவர்களுக்கு நகராட்சி. இங்கே எல்லையே நகர்ந்துகொண்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் அதில் கலந்தன. உங்கள் பெரியப்பா பிறந்தபோது அந்த இடம் எந்த ஊராட்சியாக இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டுதான் மனுப் போட வேண்டும்.

பெயரை வைத்துத் தேடுவது வீண். பிறந்த சில நாளில் எழுதிய பதிவில் குழந்தைக்குப் பெயர் இருக்காது. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்றுதான் இருக்கும். தகப்பன் பெயரையும் தேதியையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறை நானே செய்தேன். எங்கள் பெரியப்பாவின் பிறப்புப் பதிவை மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் பூர்வீக ஊர்க் கணக்கில் தேடினேன். இரண்டு முறை அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் பதிவே இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் அத்தை சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னார்: “அண்ணன் மூத்த பிள்ளைடா. மூத்த பிள்ளையை எங்கே பெறுவாங்க?” தலைப்பிரசவம் தாய்வீட்டில். உத்திரமேரூர்ப் பக்கம் பாட்டியின் ஊர்க் கணக்கில் தேடினேன், அகப்பட்டது. அந்த ஒரு பதிவால் பாட்டியின் தகப்பனார் ஊரும் உறுதியானது. நம் வழக்கம் தெரியாத எந்த வழிகாட்டி நூலும் இதைச் சொல்லித் தராது. முதல் குழந்தையை அம்மாவின் ஊரில் தேடுங்கள். இரண்டாவதை அப்பாவின் ஊரில்.

இன்னொரு வழக்கமும் உதவும், குழப்பவும் செய்யும். பேரன் என்றாலே பெயரைத் தாங்குபவன். தாத்தா பெயர் பேரனுக்கு வருவதால், ஒரே ஊரில் ஒரே பெயரில் ஒன்று விட்டு ஒரு தலைமுறைக்கு ஆள் இருப்பார். நம்மில் குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே தனியாக ஒரு பெயரை எந்த ஏட்டில் கண்டாலும் நம்பக் கூடாது. தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து வந்தால்தான் அது நம் ஆள்.

பத்திரத்தைப் படிப்பது

நிலம் கொஞ்சமாவது இருந்த குடும்பங்களுக்குப் பதிவுத்துறையைப் போல உதவும் இடம் வேறில்லை. ஆவணப் பதிவு 1860-களிலேயே தொடங்கிவிட்டது. இன்றுள்ள சட்டம் 1908-ஆம் வருடத்தியது. 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்களைப் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, தேடுதல் கட்டணம் கட்டி, கையால் எழுதிய அட்டவணைகளில் தேட வேண்டும். ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு இன்னொன்று. வீட்டு மனையை விற்று வெளியேறிய குடும்பம் என்றாலும் ஆள் பெயர் அட்டவணையில் பிடித்துவிடலாம். உயில்களுக்குத் தனிப் புத்தகம் உண்டு.

பத்திரம் கையில் வந்ததும் பலர் விலையையும் அளவையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். குடும்பம் தேடுகிறவர் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். முதல் பத்தியில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், ஊர், ஜீவனம் இருக்கும். பழைய பத்திரங்களில் சாதியும் மதமும் இருக்கும். அதற்கடுத்து, இந்தச் சொத்து எனக்கு எப்படி வந்தது என்று சொல்லும் வரிகள். பிதுரார்ஜிதமாக வந்தது, இன்ன வருடம் இன்ன நெம்பர் பாகப்பிரிவினையில் வந்தது என்று இருந்தால், அந்த நெம்பரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தலைமுறை பின்னால் போகலாம். மூலப்பத்திரத்துக்கு மூலப்பத்திரம் என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

மூன்றாவது, நான்கெல்லை. இன்னார் நிலத்துக்குக் கிழக்கே, இன்னார் கொல்லைக்குத் தெற்கே என்று எழுதியிருப்பவர்கள் பல நேரம் பங்காளிகள். ஒரே நிலத்தைத் தகப்பன் இருந்தபோது உழுது, பிறகு பிரித்துக்கொண்டவர்கள். ஐந்தாறு பத்திரங்களின் எல்லைகளை ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தால் ஒரு வம்சாவளியே கட்டம் கட்டமாக வந்துவிடும். நான்காவது, சாட்சிக் கையெழுத்து. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவோம்? மச்சானை, மாமனை, சித்தப்பா மகனை. பெண் வழி உறவுகள் பத்திரத்தில் தலைகாட்டுகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

பழைய பத்திரங்களில் ஜில்லாவும் தாலுகாவும் இன்றையதாக இருக்காது. செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா என்று படித்துவிட்டு, இது நம் ஊரில்லை என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். தாம்பரமும் பல்லாவரமும் அப்போது சைதாப்பேட்டை தாலுகாவில்தான் இருந்தன. அந்தப் பழைய ஜில்லா 1997-இல் காஞ்சிபுரமும் திருவள்ளூருமாகப் பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டமானது. சர்வே நெம்பருக்குப் பதில் பைமாஷ் நெம்பர் இருந்தால் அது இன்னும் பழைய அளவைக்குச் சொந்தமானது.

பட்டாவில் விடுபட்டவர்கள்

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேடும் பட்டாவும் சிட்டாவும் 1980-களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புதிதாக எழுதப்பட்டவை. அதில் ஒரு பெயர் இருக்கிறது என்றால் அன்றைக்கு அங்கே அனுபவத்தில் இருந்தார் என்று மட்டுமே அர்த்தம். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைப் பார்த்தால்தான் முன்னே யார் இருந்தார்கள் என்று தெரியும். பரம்பரைக் கணக்குப்பிள்ளை வேலை 1980-இல் ஒழிக்கப்பட்டது. அந்தக் குடும்பங்களில் பழைய ஏடுகளைப் பற்றித் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போய்க் கேட்கலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் வம்சாவளி விஷயம் இல்லை. 1891-இல் இங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர்களுக்கு நிலமும் வீட்டு மனையும் இல்லாததுதான் எல்லாக் கேட்டுக்கும் வேர் என்பது அவர் வாதம். அதன் பலனாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010-ஏ என்ற அரசாணைகள் வந்தன. தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கிய அந்த நிலங்களைப் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது. பிறகும் அதே மக்களுக்குள்தான் கைமாறலாம். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இது.

இந்த நிலங்கள் பல வேறு கைகளுக்குப் போய்விட்டன. மீட்கக் கேட்பவர்கள் முதலில் காட்ட வேண்டியது பழைய ஏட்டில் ஒப்படைப்பு பெற்றவர் பெயர். அடுத்து, அவருக்கும் தனக்குமான உறவு. அதாவது, வம்சாவளி. 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டுக்கு அருகே உள்ள காரணையின் பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து, ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் விட்டார்கள். கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடுவதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் இல்லாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்த ஏடு ஒரு நியாயத்தின் சாட்சி. பழைய பதிவேடுகளைச் செல்லரிக்க விடுவதும், கேட்பவரை அலைய விடுவதும் அந்தச் சாட்சியை அழிப்பதற்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். கிராமப் பெயரையும் சர்வே நெம்பரையும் சொல்லி, 2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் கேட்பது இதற்கு நல்ல வழி.

ரயிலில் வந்தவர்கள்

தாம்பரம் வந்தவர்களின் ஊர். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தெற்கிலிருந்து வருகிறவர்கள் பட்டணத்துக்கு முன்னால் இறங்கும் கடைசிப் பெரிய ஸ்டேஷன் இது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் கிறித்தவக் கல்லூரி பட்டணத்திலிருந்து சேலையூர்க் காட்டுக்கு வந்தது. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் தோல் தொழிற்சாலை. விமானப்படைத் தளம், நாகல்கேணி தோல் ஷெட்டுகள், அனகாபுத்தூர்த் தறிகள் என்று ஒவ்வொன்றும் ஆட்களைக் கூட்டி வந்தது. இவர்களுக்கு இங்கே நிலம் இல்லை, வேலை இருந்தது. ஆகவே வேலை கொடுத்தவரின் ஏட்டில் தேட வேண்டும்.

ரயில்வேயிலோ அரசாங்கத்திலோ வேலை பார்த்தவருக்குப் பணிப்பதிவேடு இருக்கும். அதன் முதல் பக்கத்தில் சொந்த ஊர், தகப்பன் பெயர், அங்க அடையாளம், கைவிரல் ரேகை. சேமநல நிதி நியமனத்தில் மனைவி மக்கள் பெயர். ஓய்வூதிய ஆணையில் துணைவியார் பெயர், சில நேரம் இருவரும் சேர்ந்து நிற்கும் படம். எங்கள் தாத்தா பாட்டி சேர்ந்து எடுத்த ஒரே படம் அந்தக் காகிதத்தில் ஒட்டியதுதான். ஆள் இறந்த பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழில் எல்லாப் பிள்ளைகளும் வயதோடு வரிசையாக இருப்பார்கள். கிறித்தவக் கல்லூரியில் படித்தவர் இருந்தால் சேலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் விடுதிகளின் குழுப்படங்களைத் தேடிப் பாருங்கள்.

கிறித்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் அரசாங்கப் பதிவைவிடப் பழையவை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ராணுவக் குடியிருப்பு இருந்ததால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கே நிறைய. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. மதம் மாறிய குடும்பங்களில் ஞானஸ்நானப் பதிவில் பழைய பெயர் இருக்கக்கூடும். அதைப் பிடித்தால்தான் அதற்கு முந்தைய தலைமுறைக்குப் பாதை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தகம் அதே அளவு முக்கியம். மணமகள், அவர் தகப்பனார், வலி என்னும் பாதுகாவலர், சாட்சிகள், மஹர் எல்லாம் ஒரே பக்கத்தில்.

கப்பலேறியவர்கள்

ஊரை விட்டுப் போனவர்கள் ஊரில் இருந்தவர்களைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பது மனத்தை உறுத்தும் உண்மை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் போய் நின்றது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியே. கப்பல் பட்டியலில் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு நெம்பர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை இருக்கிறது. ஜில்லா என்ற இடத்தில் செங்கல்பட்டு அடிக்கடி வரும். அதே வருடங்களில் ஊரிலேயே தங்கி அதே ஏரிக்கரையில் கூலி வேலை பார்த்த அவர் தம்பியைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் இருக்காது. தப்பி ஓடினால் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தழும்பை எழுதினார்கள். அதை வைத்து இன்று கொள்ளுப்பேரன் தன் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறான்.

அந்தப் பட்டியல்கள் டர்பனில் இருக்கின்றன. மொரீஷியஸுக்குப் போனவர்களின் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், 1860-களிலிருந்து புகைப்படங்களோடு. கங்காணி வழியாக மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களைத் தேடுவது கடினம். ஆளுக்கொரு தாள் அங்கே குறைவு. இங்கே இருப்பவர்களும் இந்தப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் காணாமல் போனார் என்ற கதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஒருவர் காணாமல் போனாலும் அவர் சொல்லிய தகப்பன் பெயர் உங்களுக்கும் சொந்தம். கிராமப் பெயர்களை ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

எழும்பூரும் தரமணியும்

இன்னும் பின்னால் போக வேண்டுமானால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் அந்தக் கட்டடம் வந்தது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. கோயில் பூசை, மேளம், கிராமத் தொழில் என்று எதற்காவது மானிய நிலம் வைத்திருந்த குடும்பம் என்றால், முதலில் பெற்றவர் யார், அன்றைக்கு அனுபவிப்பவர் யார், இருவருக்கும் என்ன உறவு என்பது வரை எழுதியிருப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்த பிறகு, 1767-க்கும் 1774-க்கும் நடுவில் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, என்ன தொழில், எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு மானியம் என்று ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதியதை அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளைச் சென்னை கொள்கை ஆய்வு மையம் நூலாகவே வெளியிட்டிருக்கிறது. உங்கள் முன்னோரின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள். அவர் வாழ்ந்த ஊர் எப்படி இருந்தது என்பது கிடைக்கும். அதைத் தாண்டி மாடம்பாக்கம், திருநீர்மலை, திரிசூலம் கோயில் கல்வெட்டுகளுக்குப் போய் நேரே சோழர் காலத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. இடையில் பல நூறு வருடத்துக்கு ஒரு காகிதமும் இல்லாமல் அப்படிச் சொல்வது நம் தாத்தாக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அரசர் வம்சம் என்று பாடும் சாதி வரலாற்று நூல்களையும் இதே கவனத்தோடுதான் படிக்க வேண்டும். அவை தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிடைக்கும். எழுதப்பட்ட காலத்தின் ஆசையை அறிய அவை உதவும்.

பெயரில்லாத பாட்டிகள்

இத்தனை ஏடுகளிலும் பாட்டிகள் எங்கே? 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களை நீக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் வட மாநிலத்தவர். நம் பக்கத்தில் பட்டியலில் பெயர் வந்தது, பத்திரத்தில் வரவில்லை. பாகப்பிரிவினை என்றால் ஆண் பிள்ளைகளுக்குள். பெண் தலைகாட்டுவது கணவன் இறந்து மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக நிற்கும்போதுதான். விதவையாகிக் கைநாட்டு வைத்த அந்த நாளில்தான் பாட்டியின் பெயர் பத்திரத்தில் ஏறியது.

1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும். 2005-இல் நாடு முழுமைக்கும் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு சார்பதிவாளர் அலுவலகங்களில் விடுதலைப் பத்திரங்கள் குவிந்தன. அக்கா தங்கைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிற பத்திரம். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு இதைப் போல விவரமானது வேறில்லை. எல்லாப் பெண்களும், அவர்கள் கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர், வயதோடு வரிசையாக இருப்பார்கள். பங்கை விட்டுக்கொடுத்ததால்தான் அவர்கள் பெயர் பதிவாயிற்று. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரம் இருக்கிறது. மூன்று அத்தைகளின் கையெழுத்து; மூன்றாவது அத்தையின் கையெழுத்து மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

அந்த அத்தைக்கு இப்போது எண்பத்தாறு வயது. முடிச்சூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போன பொங்கலுக்குப் போனபோது, அவருடைய பாட்டிக்கு, அதாவது எங்கள் தாத்தாவின் அம்மாவுக்கு, என்ன பெயர் என்று கேட்டேன். எல்லோரும் பெரியாயி என்று கூப்பிட்டதாகச் சொன்னார். அது கூப்பிடுகிற பெயர், சொந்தப் பெயர் என்ன என்றேன். கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தாத்தா ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கேன். கடைசி காலத்துல, கண்ணு தெரியாம கெடந்தப்ப” என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரைச் சொன்னார். எந்தப் பத்திரத்திலும், எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர். நோட்டில் எழுதி, யார் சொன்னது, எந்தத் தேதி என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அத்தை நோட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ள்’ தப்பு, ‘ல்’ போடு என்றார்.